தொம்மையின் சட்டை

வரிசை நகர்ந்துவிட்டது, பெர்பெத்துதான் நகரவில்லை. "யக்கா, முன்னால போங்க, நின்னுக்கிட்டே தூங்குதியளா?" என்று பின்னால் நின்ற பெண் முதுகில் லேசாகத் தட்டிய பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். தூக்கமா வரும் இந்த இடத்தில். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிற பழைய பஞ்சுக் கிட்டங்கி இது. இப்போது பஞ்சும் இல்லை மூட்டையும் இல்லை, வெள்ளையடித்து விளக்குப் போட்டு, கலைக்கண்காட்சி என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். சுவர் நெடுகப் படங்கள், கம்பியில் செய்த மீன், உடைந்த படகின் பாதி. அதையெல்லாம் தாண்டி, கிட்டங்கியின் நட்டநடுவில், இந்த வரிசை போய் முடிகிற இடத்தில், ஒரு பலகை மேல் அவள் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ரெமி. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ரெமிஜியுஸ், வாசல் பேனரில் போட்டிருப்பது ரெமி தொம்மை. தாடி வைத்திருக்கிறான், கண்ணுக்கு மை தீட்டியிருக்கிறான், மூக்கில் ஒரு கல் மின்னுகிறது, இடுப்பிலிருந்து இறங்கித் தரையெல்லாம் பரந்து கிடக்கிறது ஒரு பாவாடை. பாவாடை பூராவும் ஆம்பளைச் சட்டைகள். வருகிறவர்கள் அவரவர் வீட்டு ஆம்பளையின் சட்டை ஒன்றைக் கொண்டுவரணும், அவன் முன்னால் இருக்கிற முக்காலியில் உட்காரணும், மைக்கில் மூன்று விஷயம் சொல்லணும். உங்கள் பேர் என்ன, சட்டை யாருடையது, ஆம்பளை என்பதால் அந்த மனுசனால் செய்ய முடியாமல் போனது என்ன. அவர்கள் சொல்லச் சொல்ல ரெமி வாய் திறக்காமல் பிளேடால் தையலைப் பிரிப்பான். காலர் தனியாக வந்துவிடும். அதைத் தலைக்கு மேலே தூண்டில் நரம்பில் மாட்டிவிடுவார்கள், மீதித் துணி பாவாடையோடு சேர்ந்துவிடும். மேலே பார்த்தால் வெட்டிய காலர்கள் வரிசையாகத் தொங்குகின்றன, காயப்போட்ட கருவாடு மாதிரி. பெர்பெத்துவின் கையில் இருக்கிற பையில் அவள் புருசன் தொம்மையின் சட்டை இருக்கிறது. அவளுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் பேர்தான். மூன்று விஷயமாமே, முதல் விஷயத்துக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஊரில் மேரி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும், பெர்பெத்து என்றால் அவள் ஒருத்திதான். சட்டை தொம்மையுடையது என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, வாசலில் அந்தப் பேரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்களே. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பொண்ணு வரிசை ஓரமாக நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போனாள், "சொந்தப் பேரச் சொல்ல விருப்பம் இல்லாதவங்க வேற பேர் சொல்லலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல." ஒண்ணும் பிரச்சனை இல்லையாம். மேரி. சட்டை யாருடையது, என் வீட்டுக்காரருடையது. அவர் பேர், ஜார்ஜ். ஜார்ஜா? எந்த ஜார்ஜ்? மனசுக்குள்ளேயே தடுக்கி விழுகிறவள் மைக்கில் எப்படிப் பொய் சொல்வாள்.

காலையிலேயே ஒரு பொய் சொல்லியாச்சு. "எங்க கெளம்பிட்ட?" என்று தொம்மை கேட்டார். செபக்கூட்டத்துக்கு என்றாள். அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொல்லணும், சாமி, புருசனிடம் பொய் சொன்னேன். சாமி கேட்பார், எதுக்கும்மா சொன்னே? மகனைப் பார்க்கப் போக. மகனைப் பார்க்கப் போக எதுக்கும்மா பொய்? அங்கேதான் முடிச்சு. மகன் படம் பேப்பரில் வந்த அன்றைக்கு, சென்னையில் எங்கேயோ சேலை கட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த படம், தொம்மை அந்தப் பக்கத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அன்றோடு மகனிடம் பேச்சை நிறுத்தினார். கிழித்துப் போட்டிருந்தால் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். எரித்திருந்தாலும் சரி. மடித்து எதற்கு வைத்தார்? அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். அவள் அவருடைய நல்ல சட்டையை, இளநீலத்தில் கோடு போட்டதை, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்துக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்று, "அதுல ரெண்டாவது பொத்தான் ஆடுது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செபக்கூட்டத்துக்கு என் சட்டை எதுக்கு என்று கேட்கவில்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா. தெரிந்திருந்தால் பொத்தானைப் பற்றி ஏன் பேசணும். தெரியாவிட்டால் எதுக்கு என்று ஏன் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் இதுதான், இங்கே நிற்கும்போதும் இதுதான், செக்குமாடு மாதிரி அதே இடத்தில் மனசு சுற்றுகிறது. பொத்தானை இறுக்கித் தைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறாள். பிரிக்கப்போகிற சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு வந்த ஒரே பொம்பளை அவளாகத்தான் இருப்பாள்.

செபமாலையை முந்தானைக்குள் பிடித்திருந்தாள், மணி நகர்ந்துகொண்டிருந்தது, ஆனால் செபம் நகரவில்லை. பாதி வரைக்கும் ஒழுங்காக வருகிறது, "இப்பொழுதும்" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்புறம் வருகிற சொல் மரணம். அந்தச் சொல்லை இந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் பின்னால், அந்தப் பெண்ணுக்கும் அடுத்து, ஓர் ஆள் நிற்கிறான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல், கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டவன். கூட நாலைந்து பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை, அதற்குள் கனமாக ஏதோ இருக்கிறது, அவன் காலை மாற்றி நிற்கும்போதெல்லாம் அது ஆடுகிறது. கல்லா? புட்டியா? புட்டி என்றால் அதில் என்ன? பத்திரிகையில் படிக்காததா, மூஞ்சியில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். "ஏ, டைலர் மூக்குத்தி பாத்தியாடே, எங்க வீட்டுல கூட இப்பிடி இல்ல" என்றான் ஒருவன். "கேட்டுப் பாரு, ரவிக்கைக்கு அளவெடுப்பாவளா, எடுத்துப் பாப்பாவளான்னு." சிரிப்பு. பெர்பெத்து முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் வாசலிலேயே தலையை மூடிவிட்டாள், இங்கே வந்து பார்த்தால் இத்தனை பேரில் முக்காடு போட்டவள் அவள் மட்டும்தான், ஒளிந்துகொள்ளப் போட்டது நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பை ஆடுவதை நினைத்தால் முதுகுத்தண்டு கூசியது. தெரியாத இடத்தில் இருப்பதைவிடக் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும், கையைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். ஏதாவது எடுத்தால் ஓடிப்போய் விழலாம். யார் மேல் விழுவது, அவன் மேலா, ரெமி மேலா? ரெமி மேல்தான். மூடிக்கொள்ள. இந்த உடம்பு போதுமா மூட? அவன் சின்னதில் போதுமாயிருந்தது. அவள் திரும்பி, "தம்பி, நீங்க முன்னால போங்க, எனக்கு இன்னும் என்ன பேசணும்னு வரல" என்றாள். வெள்ளைச் சட்டைக்காரன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, நீங்க வயசானவங்க" என்றான். அந்த மரியாதைதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மரியாதை தெரிந்தவன், அம்மா என்கிறவன், அவனும் இதற்குத்தான் வந்திருக்கிறான். "இல்ல தம்பி, போங்க," என்றாள். நடுவில் நின்ற பெண்ணும் வழிவிட்டாள். அவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். இப்போது பை தெரிந்தது. உள்ளே இருப்பது தெரியவில்லை.

மாதாவே, ரெமி வீட்டுக்கு வந்திருக்கலாம். போன் பண்ணினானே. "யம்மா, ஊருல மூணு நாள் இருப்பேன், வீட்டுக்கு வரல. நீயும் இங்க வராத. எவனாவது எதையாவது சொல்லி அது ஒன் காதுல விழுந்தா எனக்குக் கை ஓடாது." கை ஓடாது என்றான். மற்றவர்களுக்கு மனசு ஓடாது, மூளை ஓடாது, இவனுக்குக் கைதான். சின்னதிலேயே அப்படி. திருவிழாவுக்கு முந்தின வாரம் மாதாவுக்குப் புதுச்சேலை சாத்துவார்கள், பீடத்தைச் சுற்றித் திரை கட்டிவிட்டு ஆம்பளைகள் எல்லாம் வெளியே போய்விடணும், சபைப் பெண்கள் நாலைந்து பேர்தான் உள்ளே. மாதா என்றாலும் பொம்பளைதானே, சேலை மாற்றும்போது ஆம்பளை கண் படக்கூடாது, அதுதான் வழக்கம். பெர்பெத்துவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரெமியும் உள்ளே வருவான், சின்னப் பையன்தானே என்று விட்டுவிட்டார்கள். சுரூபத்துக்குக் கொசுவம் நிற்காது, மரச்சிலையில் துணி வழுக்கும், பெண்கள் ஊசியைக் கடித்துக்கொண்டு திண்டாடுவார்கள். இவன் ஒருநாள் கிட்டே போய் விரலால் மடிப்பை எடுத்து எடுத்து அடுக்கினான் பாரு, ஆறு மடிப்பும் தண்ணீர் இறங்குகிற மாதிரி விழுந்தது. சபைத் தலைவி கில்டா அக்கா அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள், "ஏ பெர்பெத்து, ஒம்மவனுக்குக் கைராசிட்டி" என்றாள். அப்புறம் மீசை அரும்பியது, திரைக்கு வெளியே நின்றான். வெளியே நின்றுகொண்டே, "அத்தே, எடது பக்கம் ரெண்டாவது மடிப்பு ஏறியிருக்கு" என்பான், கால் பக்கம் விழுகிற நிழலைப் பார்த்தே. அதே கில்டா அக்காதான் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "கண்காட்சியா என்னமோ நடத்துதாவளாம், எங்க மருமவன் சொன்னாரு, ஒம்மவன் பேரப் போட்டிருக்காம், நீ போவாண்டாம்ட்டி, போனா ஊரே ஒன் மூஞ்சியத்தான் பாக்கும்" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். மகள் டெல்பினும் நாகர்கோவிலிலிருந்து போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள், "யம்மா, மாமியா வீட்டுல ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுதாவ. நீ அங்க போயி நின்னு போட்டோவுல வந்துட்டேன்னா நான் எப்பிடித் தலகாட்ட?" அக்கறை, அக்கறை, எல்லாருக்கும் அக்கறை. அவன் என்னவாக இருக்க நினைக்கிறான் என்பது அவளுக்கே உள்ளே ஒரு மூலையில் தெரியாததுதான். ஒரு தரம் கேட்டுவிட்டாள், நீ பொம்பளையா ஆவணும்னு நினைக்கியா ராசா, அம்மைட்ட மறைக்காத. போனில் சொன்னான், "ஆம்பளன்னா ஆம்பள, பொம்பளன்னா பொம்பள, ரெண்டும் இல்லைன்னா அதுவும் சரி. ஒனக்குப் புரியலைன்னா தையக்காரன்னு வச்சுக்கம்மா." புரியவில்லை. புரியாததை மாதாவிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கிறாள். மாதாவுக்குப் புரிந்திருக்கும், அவன் கை பட்ட சேலையை உடுத்தியவள்.

முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், மைக்கில் அவள் மூச்சும் கேட்டது. "இது எங்க அண்ணன் சட்டை. அப்பா செத்த அன்னைக்கி எங்க எல்லாரையும் அதட்டிக்கிட்டே திரிஞ்சான், பந்தல் எங்க, ஐஸ் பெட்டி எங்கன்னு. ஒரு சொட்டு அழல. ராத்திரி மோட்டார் ரூமுக்குப் போயி மோட்டாரப் போட்டுவிட்டுட்டு, அந்தச் சத்தத்துக்குள்ள..." அவள் முடிக்கவில்லை. பிளேடு நூலை அறுக்கிற சத்தம் மைக்கில் கிர் கிர் என்று வந்தது. அடுத்து ஒரு ஆட்டோக்காரர், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டார், அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். "எம் பேரு பாக்கியசாமி. சட்டையும் என்னதுதான். எனக்குச் சின்ன வயசுல கோலம் போட ரொம்ப ஆச. தங்கச்சி போட்டா புள்ளியெல்லாம் கோணலா இருக்கும், நான் ஜன்னல்ல நின்னு பல்லக் கடிப்பேன்." எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்புறம், "இப்ப சவாரி இல்லாத நேரம் ஆட்டோ கண்ணாடியில ஆவி புடிச்சா வெரலால போடுவேன், யாராவது வந்தா அழிச்சிருவேன்" என்றார், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பெர்பெத்து தன்னுடையதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். டெல்பினும் அவள் தங்கச்சியும் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது பெர்பெத்துவுக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வீட்டில் தொம்மைதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு யார் சடை போடுவது. வடம் முறுக்கிப் பழகின கை, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, படகுக்கயிறு முறுக்குகிற மாதிரியே முறுக்கி, அவிழாத சடை போட்டுவிட்டார். டீச்சர் அதிசயப்பட்டாளாம். பிள்ளைகள் தெருவில் சொல்லிவிட்டன, கடற்கரையில் ஒருத்தன் 'சடைக்காரி' என்றான், அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் சீப்பை ஜன்னல் வழியாக வீசினார். அதற்கப்புறம் பிள்ளைகள் தலைவிரிகோலமாகவே பள்ளிக்கூடம் போயின. இதைத்தான் சொல்லணும் என்று வைத்திருக்கிறாள். சொல்லலாமா? புருசனுடைய வெட்கத்தை எடுத்து ஊர் முன்னால் காயப்போடலாமா? அவர் கேட்டால்? கேட்கமாட்டார். கேட்காததுதான் அவருடைய அடி.

வெள்ளைச் சட்டைக்காரன் முறை வந்துவிட்டது. அவன் போய் உட்கார்ந்தான். முக்காலிக்கும் ரெமிக்கும் நடுவில் ஒரு பழைய மீன்வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அதன் கீழ் இடுக்கு வழியாகத்தான் சட்டையைத் தள்ளணும், ரெமி பக்கவாட்டில் திரும்பிக் காதைக் கொடுத்துக்கொண்டு தலையைக் குனிந்திருப்பான், வருகிறவர் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரன் கை பைக்குள் போனது. பெர்பெத்துவுக்கு உலகம் பூராவும் அந்தக் கையாகிவிட்டது. மயிர் அடர்ந்த மணிக்கட்டு, கடிகாரம், விரல்கள் எதையோ பிடிக்கின்றன, வெளியே வருகின்றன, மாதாவே இப்பொழுதும், இப்பொழுதும், கால் ஓடத் தயாராகிவிட்டது, செருப்பில் கட்டைவிரல் இறுகிவிட்டது. வளையல். ஒரு சரம் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும், மேலே மலிவான சேலை ஒன்று சுற்றியிருந்தது. அவ்வளவுதான். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "சட்டை கொண்டு வரல டைலரே," என்றான் மைக்கில், நல்ல கணீர் என்ற குரல், கோயிலில் வாசகம் வாசிக்கலாம். "ஒனக்குத்தான் சட்ட ஆவாதே. இந்தா, சீதனம்." பையன்கள் விசில் அடித்தார்கள். வலையின் இடுக்கு வழியாக வளையல்கள் சிலுங் என்று விழுந்தன. ரெமி ஒன்றை எடுத்தான். கையில் ஏற்றிப் பார்த்தான், ஏறவில்லை, அவன் மணிக்கட்டு தொம்மையின் மணிக்கட்டு. அதைப் பாவாடையில், யாருடைய சட்டையோ, அதன் பை இருந்த இடத்தில் வைத்து நாலு தையல் போட்டான். அடுத்ததை எடுத்தான். அதையும். கூட்டத்தில் ஒரு பெண் கைதட்டினாள், இன்னும் கொஞ்சம் பேர் தட்டினார்கள், ஆட்டோக்காரர் பனியனோடு எழுந்து நின்று தட்டினார். வெள்ளைச் சட்டைக்காரன் முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. வந்தவன் நினைத்துவந்தது இது இல்லை. அடியோ அழுகையோ ஏதாவது ஒன்று கிடைத்திருக்கணும், கிடைத்தது தையல். "ஏல," என்றான், இப்போது குரலில் கணீர் இல்லை, "ஒன்னப் பெத்தவ எங்கல? இந்த ஊர்க்காரிதான? எங்க ஒளிஞ்சிருக்கா? வரச்சொல்லு அவள. இப்பிடி ஒண்ணப் பெத்துப்போட்டவ மூஞ்சிய ஒருக்கா பாக்கணும்." அட்டை போட்ட பொண்ணு ஓடிவந்து, "சார், நேரம் முடிஞ்சிருச்சு, எழுந்திருங்க" என்றாள். அவன் எழுந்தான், ஆனால் போகவில்லை, முக்காலிக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெர்பெத்து ரெமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் நூலில் முடிச்சுப் போடாமல் ஊசியை இழுத்தான். நூல் துணி வழியாக முழுக்க உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. திரும்பக் கோத்தான். திரும்ப முடிச்சில்லாமல் இழுத்தான். கை ஓடவில்லை.

"அடுத்தவங்க வாங்க" என்றாள் பொண்ணு. பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "நீங்க போங்கக்கா, நீங்கதான எனக்கு முன்னாடி" என்றாள். போகாமலும் இருக்கலாம். இன்றைக்கு முடியல, நாளைக்கு வாரேன் என்று சொல்லலாம், வாசல் அந்தா இருக்கிறது, வெளியே போய் ஒரு ஆட்டோவில் ஏறினால் செபக்கூட்டம் முடிந்து வந்தவள்தான். இல்லை, போய் மேரி என்று சொல்லலாம், சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், சட்டையைத் தொட்டால் அவனுக்குத் தெரியும், அம்மை வந்தாள் என்று தெரிந்தால் போதுமே, ஊருக்கு எதற்கு. டெல்பினுக்கு எதற்கு. மேரி, ஜார்ஜ். மேரி, ஜார்ஜ். நடந்தாள். வளையல் துண்டு ஒன்று செருப்புக்கு அடியில் நொறுங்கியது. மூன்று விஷயம். மேரி. சுற்றிலும் செல்போன்கள் கண் மாதிரி. வெள்ளைச் சட்டைக்காரன் அவளுக்காக ஒதுங்கி, "வாங்கம்மா, உக்காருங்க" என்றான், அதே மரியாதை. அவள் வலைக்கு முன்னால் வந்து நின்றாள். வலை. வலைக்கு அந்தப் பக்கம் குனிந்த தலை, பக்கவாட்டில் கொடுத்திருக்கிற ஒரு காது, பேசாத வாய், கேட்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள். மனசு மேரி, ஜார்ஜ் என்று சொல்லிக்கொண்டிருக்க, உடம்பு தன்பாட்டுக்கு வேறொன்றைச் செய்தது. சின்ன வயசில் புதுநன்மை வாங்கின நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் செய்து பழகின உடம்பு. முக்காலியை ஒதுக்கினாள், வெறும் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டாள், நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்தாள், வலையோடு வாயை வைத்து, "சாமி, ஆசீர்வதியும், நான் பாவி" என்றாள். மைக் அதைப் பிடித்துக் கிட்டங்கி பூராவும் கொண்டுபோய்ப் போட்டது.

யாரோ 'ஐயோ' என்றார்கள். ஒரு பையன் சிரித்து, பாதியில் நிறுத்தினான். "ஏ கிழவி, அவன் கால்லயா விழுற?" என்றது பின்னால் அந்தக் குரல், மரியாதை போய்விட்டது. அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது, தெரிந்தும் எழ முடியவில்லை, முட்டி பூட்டிக்கொண்டது. வலைக்கு அந்தப் பக்கம் தலை நிமிர்ந்தது. மை தீட்டிய கண்கள், அகலமாக. இத்தனை நேரம் வாய் திறக்காதவன் வாய் திறந்தான். "எந்திரி, எந்திரி, முட்டி என்னத்துக்கு ஆவும்." அட்டை போட்ட பொண்ணு குழம்பிப்போய்க் குனிந்தாள். "ரெமி, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" ரெமியின் கண் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் கையைக் கட்டி நிற்கிறவனிடம் போனது, செல்போன்களிடம் போனது, திரும்ப அவளிடம் வந்தது. அந்தக் கண் அவளிடம் கெஞ்சியது, போயிரும்மா என்று. பிறகு நேராக அந்தப் பொண்ணைப் பார்த்துச் சொன்னான், "இல்ல. யாருன்னு தெரியாது. வயசானவங்க, பாவம். வெளிய கூட்டிட்டுப் போயி தண்ணி குடுங்க." பெர்பெத்துவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. காலையிலிருந்து, இல்லை, அவன் படம் பேப்பரில் வந்த நாளிலிருந்து அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ, என் வாயால் இவனை என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று, அதை அவன் முந்திக்கொண்டு தன் தலையில் போட்டுக்கொண்டான். இல்லை என்று சொல்ல வேண்டிய பாரத்தைக்கூட அவளுக்கு வைக்கவில்லை. பொண்ணு தோளைத் தொட்டு, "வாங்கம்மா" என்றாள். பெர்பெத்து அந்தக் கையை விலக்கிவிட்டு, முக்காலியைப் பிடித்து, முனகிக்கொண்டே எழுந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். தலையிலிருந்து முந்தானை நழுவித் தோளில் விழுந்தது, அதை எடுத்துப் போடவில்லை.

"பொய் சொல்லுதான்," என்றாள் மைக்கில். "சின்னதுலேயே பொய் சொன்னா இவனுக்கு மூக்கு நுனி வேத்துரும். பாருங்க, மூக்குத்திக்குக் கீழ." எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஆமா, வேர்த்திருக்கு!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, குரல் எங்கிருந்தோ நேராக வந்தது. "எம் பேரு பெர்பெத்து. இது தொம்மையோட சட்டை. தொம்மை எனக்கு வீட்டுக்காரரு, இவனுக்கு அப்பா." பிறகு உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பிப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். கிட்டத்தில் பார்த்தால் டெல்பின் வயசுதான் இருக்கும், தாடையில் சவரக்கத்தி பட்ட சின்னக் காயம். "மூஞ்சியப் பாக்கணும்னியே தம்பி. பாத்துக்க. அவசரம் இல்ல." அவன் கட்டின கையை அவிழ்க்கவும் இல்லை, போகவும் இல்லை. நிற்கட்டும். அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். முதுகு கூசத்தான் செய்தது. சட்டையைப் பையிலிருந்து எடுத்து வலைக்கு அடியில் தள்ளினாள். ரெமி அதை எடுக்கவில்லை, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான், தோள் குலுங்கியது. "பிரி ராசா," என்றாள் மெல்ல, "மத்தவியளும் நிக்காவல்லா." அட்டை போட்ட பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு காதோரம் குனிந்தாள். "மூணாவது ஒண்ணு இருக்கும்மா. ஆம்பளங்கறதால அவரால செய்ய முடியாமப் போனது..." சடை, கயிறு, சீப்பு எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள், வாய்வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"இங்க வர முடியல," என்றாள்.